அந்தக் காய்க்கு சப்போர்ட் இருக்கா?

நேயர்களுக்கு வணக்கம். ரேடியோவில் செஸ் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போர்டைக் காட்டாமல் செஸ் பேசுவது மீன் போடாமல் மீன் குழம்பு வைக்கிற மாதிரிதான். சரி, வைத்துப் பார்ப்போம்.

காய்கள் நகரும் விதம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். யானை நேராகப் போகும், மந்திரி குறுக்காகப் போகும், ராணி இரண்டு மாதிரியும் போகும். குதிரை இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்பும். நடுவில் யார் நின்றாலும் தாண்டிவிடும். ராஜா எந்தப் பக்கமும் ஒரு கட்டம். சிப்பாய் நேராக நடப்பான், குறுக்கே வெட்டுவான், பின்னால் மட்டும் வரவே மாட்டான். அரை மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு காய் இன்னொரு காய்க்கு எப்படித் துணை நிற்கிறது என்பது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ராத்திரி ஷட்டர் இறங்கியதும் வாசல்படியில் போர்டு விரியும். எதிரில் உட்காருபவர் எங்கள் கடைக்குத் துணி மூட்டை தூக்கும் அண்ணன். முதல் நாள் உட்கார்ந்ததும் தன் ராணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ ஆடு தம்பி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாலு மூவில் ராஜாவை மடக்கி மேட் வைத்துக் காட்டுகிறேன் பார் என்று இரண்டாவது மூவிலேயே என் ராணியை வெளியே இழுத்துவிட்டேன்.

அவர் பதறவே இல்லை. ஒரு குதிரையை எடுத்தார். ஒரு சிப்பாயைத் தள்ளி என் ராணியை விரட்டினார். அடுத்த குதிரையையும் எடுத்தார். நான் ராணியை மட்டும் இங்கேயும் அங்கேயும் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய முதல் குதிரை போர்டின் நடுவுக்கு வந்து மறுபடி என் ராணி மேல் பாய்ந்தது. குதிரையை வெட்டலாமா என்று பார்த்தேன். வெட்டவும் வழியில்லை; வழி இருந்தாலும், குதிரைக்குக் குறுக்கே பின்னால் அவருடைய சிப்பாய் ஒருவன் காவல் நின்றான். ராணியை நகர்த்தினேன்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஆட்டத் தொடக்கத்தில் ராணிக்குப் பக்கத்தில் ஒரு மந்திரி நிற்கும். அந்த மந்திரிக்கு முன்னால் ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாய்க்குக் காவல் ராணி ஒருத்திதான். பக்கத்தில் நிற்கும் மந்திரியால்கூட அவனைக் காக்க முடியாது, மந்திரி குறுக்கே பார்க்கிறவர். என் ராணி ஊர் சுற்றப் போயிருந்தாள். அண்ணனின் குதிரை அந்தச் சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே குதித்தது. ராஜாவுக்கு செக், மூலையில் நின்ற யானைக்கும் குறி. ராஜாவை நகர்த்தினேன், யானை போனது. அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த சிப்பாய்க்கு சப்போர்ட் இருக்கான்னு பார்த்தியா தம்பி?"

இன்றைக்கும் ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு ஆட வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு மூவுக்கும் இதையேதான் கேட்கிறேன். சப்போர்ட் இருக்கா? பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது, எனக்குச் சலிக்கவில்லை.

ராணிக்கு 9 பாயின்ட், யானைக்கு 5, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று சொல்லித் தருவார்கள். ஜவுளிக்கடைக்காரனுக்குத் தெரியும், அது ஒட்டின விலை. நடுவில் நிற்கும் குதிரை 8 கட்டங்களுக்குக் குறி வைக்கும். மூலையில் நின்றால் 2 கட்டங்களுக்குத்தான். யானை இருக்கிறதே, முன்னால் சொந்தச் சிப்பாய்கள் அடைத்து நின்றால் அது எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி. எவ்வளவு பலம் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு சிப்பாயைக் கொடுத்தாவது பாதையைத் திறக்க வேண்டும். ஒரே நேர்ப்பாதையில் இரண்டு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டால், அப்புறம் எதிராளிக்குத் தூக்கம் வராது. மந்திரிகளும் அப்படித்தான். ஒன்று வெள்ளைக் கட்டத்தை விட்டு இறங்காது, இன்னொன்று கறுப்பை விட்டு இறங்காது. ஜோடியாக இருந்தால்தான் போர்டு முழுக்கக் கண் இருக்கும்.

பெரியவர்களுக்கும் இது தப்பும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டி. 14வது ஆட்டம், அதுதான் கடைசி. நம் குகேஷுக்குக் கறுப்புக் காய், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு வெள்ளை. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிரா ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 55வது மூவில் டிங் தன் யானையைக் கொண்டுவந்து, வெட்டிக்கொள்ளலாம் என்று எதிரில் வைத்தார். யானைக்கு யானை கணக்கு சரிதான். ஆனால் அவருடைய மந்திரி மூலையில் மாட்டியிருந்தது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை அதற்கு எதிரில் வைத்தார். அதையும் வெட்டிக்கொள்வதைத் தவிர டிங்குக்கு வழியில்லை. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த ஒரு சிப்பாய் போதுமானதாக இருந்தது. 18 வயதில் சாம்பியன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கேஸ்லிங்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசலாம் என்று எழுதி வைத்திருந்தேன், அது போச்சு. ஒரே மூவில் இரண்டு காய் நகர்வது அதில் மட்டும்தான். ராஜா ஓரமாய் ஒதுங்குகிறார், யானை நடுவுக்கு வருகிறது. பத்து மூவுக்குள் பண்ணிவிடுங்கள். வணக்கம்.