நரம்புக்கு வழிவிடும் அலங்காரம்

அவையில் கூடியிருக்கும் இசை நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியக் கலையைத் தழுவிச் செய்யப்படும் சிறப்புப் பதிப்புக் கிட்டார்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நூறு என்றோ இருநூறு என்றோ எண்ணிச் செய்து, உள்ளே வரிசை எண் ஒட்டி, பெட்டியில் வைத்து விற்கப்படும் கிட்டார்கள். சிப்பியில் செர்ரிப் பூ, பொன்தூளில் நாரை, கழுத்து நெடுக மூங்கில். இவற்றைப் பார்த்ததும் இருவகைப் பேச்சு எழும். ஒரு சாரார் வாய்பிளந்து விலை கேட்பார்கள். இன்னொரு சாரார், “பூ வேலை செய்தால் நாதம் கூடுமா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் கிட்டார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் போக வேண்டும்.

ஜப்பானின் நாரா நகரில் தோதாய்ஜி என்ற பெரும் புத்த ஆலயம் இருக்கிறது. அதன் கருவூலமாக இருந்தது ஷோசோயின் என்ற மரக் கட்டடம். 756-ஆம் ஆண்டு பேரரசர் ஷோமு மறைந்ததும், அவர் மனைவி கோமியோ, கணவர் போற்றி வைத்திருந்த அறுநூறுக்கும் மேற்பட்ட பொருள்களை அந்த ஆலயத்துப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். பட்டியலோடு கொடுத்தார். அந்தப் பட்டியலில் ஓர் ஐந்து நரம்பு பிவா இருக்கிறது. பிவா என்பது கிட்டாரைப் போல மீட்டி வாசிக்கும் நரம்பு வாத்தியம். ஏறத்தாழ 108 செ.மீ. நீளம். கருஞ்சிவப்பு மரத்தில் கடைந்து, சிப்பியும் ஆமையோடும் இழைத்த வாத்தியம். பழங்காலத்து ஐந்து நரம்பு பிவாக்களில் உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நான்கு நரம்பு பிவா பாரசீகத்திலிருந்தும், ஐந்து நரம்பு பிவா இந்தியாவிலிருந்தும் கிழக்கே பயணம் போனவை என்பது இசை வரலாற்றாளர்களின் கருத்து. இந்தியாவில் அந்த வாத்தியம் வழக்கொழிந்தது, சீனத்திலும் ஒழிந்தது. நாராவின் ஒரு மரக் கட்டடத்துக்குள் மட்டும் அது தங்கிவிட்டது.

அதன் அலங்காரம் எங்கெங்கே அமர்ந்திருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். பின்புறம் முழுக்க விரிந்து படரும் கற்பனைப் பூக்கள். அங்கே கைவினைஞர் தன் கைக்கு எந்த அணையும் போடவில்லை. முகப்பலகைக்கு வந்தால் சிறுசிறு பூக்கள், அவையும் தள்ளித் தள்ளி. மீதி மரம் மரமாகவே விடப்பட்டிருக்கிறது. ஆனால் முகப்பின் நடுவே, மீட்டும் தகடு வந்து மோதும் இடத்தில், ஆமையோட்டுப் பட்டை ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதில் ஒட்டகத்தின் மேல் ஒருவன் அமர்ந்து பிவா வாசித்துக்கொண்டு போகிறான், மேலே மரம், சுற்றிலும் பறவைகள். மரம் தேயாமல் காக்க எப்படியும் ஒரு கவசம் வேண்டும். வேண்டிய கவசத்தின் மேல் படம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய கிட்டாரின் ஒலித்துளைக்குக் கீழே வைக்கும் கீறல் காப்புத் தகட்டை நினைத்துப் பாருங்கள். அதே வேலை, கிட்டத்தட்ட அதே இடம்.

கிட்டாரின் முகப்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் அல்லது சிடார் மரம். கனம் மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதன் மேல் ஆறு கம்பிகள் சேர்ந்து சுமார் எழுபது கிலோ இழுவையைக் குதிரை, அதாவது கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டை, வழியாகச் சுமத்துகின்றன. உடைந்துவிடக் கூடாது, ஆனால் உடையும் எல்லை வரை மெலிந்திருக்க வேண்டும். மெலிந்தால்தான் அசையும், அசைந்தால்தான் ஒலி. அந்தப் பலகையின் நடுவில் தடித்த வண்ணத்தையோ கனத்த சிப்பியையோ ஏற்றினால், அசைய வேண்டிய மரத்தின் மேல் பாரம் வைக்கிறோம். ஆகவே கிட்டாரில் அலங்காரத்துக்கு உரிய இடங்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன: ஒலித்துளையைச் சுற்றிய வளையம், ஓரங்களில் ஓடும் கரை, விரல்பலகை, தலைப்பகுதி, முதுகு. துளையின் வாயைச் சுற்றி இழைக்கும் வளையம் மரம் அங்கே பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது. ஓரக்கரை, இடித்தால் நசுங்கும் விளிம்பைக் காக்கிறது. நல்ல சிறப்புப் பதிப்பு இந்த இடங்களிலேயே தன் கதை முழுவதையும் சொல்லிவிடும்.

ஒரு சிறப்புப் பதிப்பு கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது விரல்பலகையைத்தான். அகலம் நான்கு, ஐந்து செ.மீ., நீளம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓவியனுக்கு இதைவிடச் சங்கடமான சட்டகம் கிடையாது. ஆனால் ஜப்பானியர்களுக்கு இது பழகிய சட்டகம். 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை நீண்ட எதோ (Edo) காலத்தில் வீட்டுத் தூண்களில் தொங்கவிடுவதற்கென்றே ஒடுங்கி நீண்ட மரச்செதுக்கு அச்சுப்படங்கள் செய்தார்கள். சுசுகி ஹருநோபு போன்ற உகியோ-எ (அன்றைய மரச்செதுக்கு அச்சுப்பட மரபு) கலைஞர்கள் அதில் தேர்ந்தவர்கள். படத்தின் பாதி சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஒரு பெண்ணின் தோளும் ஆடையின் மடிப்பும் மட்டும் உள்ளே இருக்கும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். விரல்பலகையில் ஒரு கிளையை இழைக்கும் நல்ல கைவினைஞரும் இதைத்தான் செய்கிறார். கிளை ஓரத்தில் நுழைகிறது, பன்னிரண்டாவது மெட்டருகே (மெட்டு என்பது விரல்பலகையின் குறுக்கே பதித்த கம்பி) வெளியேறுகிறது, மறுபடி தலைப்பகுதியில் முளைக்கிறது.

அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இருபது மெட்டுகள் அந்தப் படத்தைக் குறுக்கே வெட்டுகின்றன. மேலே போகப் போக இடைவெளி குறுகுகிறது. வாசிப்பவருக்கு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு ஆகிய இடங்களில் அடையாளமும் வேண்டும். இவ்வளவுக்கும் ஈடுகொடுத்து, உதிர்ந்த இதழ் ஒவ்வொன்றும் சரியாக அந்த மெட்டுகளுக்கு இடையில் விழும்படி அமைத்த கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இதழ் வைத்திருக்கிறார்கள். விரல் தடுமாறவில்லை, படமும் குலையவில்லை.

ஓகாதா கோரின் என்ற கலைஞர் 1658 முதல் 1716 வரை வாழ்ந்தவர். எழுதுபொருள் வைக்கும் பெட்டி ஒன்று செய்தார். இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. நீரில் வளரும் ஐரிஸ் பூக்களுக்கு நடுவே கோணல்மாணலாக ஓடும் பலகைப் பாலம். பூக்கள் சிப்பி, இலைகள் பொன்தூள், பாலம் ஈயம். பளபளக்கும் சிப்பிக்கும் பொன்னுக்கும் நடுவே மங்கிய ஈயத்தைக் கொண்டுவந்து வைக்கும் துணிவு கோரினுக்கு இருந்தது. பாலம் பெட்டியின் மூடியிலிருந்து பக்கங்களுக்கு மடங்கி இறங்குகிறது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது, பெட்டியைக் கையில் திருப்ப வேண்டும். கிட்டாரும் கையில் திருப்பிப் பார்க்கும் பொருள்தான். முகப்பின் வளையத்தில் தொடங்கிய கொடி விலாவில் இறங்கி முதுகில் பூப்பதாக அமைத்தால் அது கோரினின் மரபு. முகப்பில் மட்டும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதுகை மறந்துவிட்டால், பெயரில் ஜப்பான் இருக்கும், வேலையில் இருக்காது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். உகியோ-எ கலைஞர் ஹொகுசாயின் கனகாவா பேரலை என்ற படம் 1831-ஐ ஒட்டி அச்சானது. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. அந்தப் படத்தின் நீலம் ஐரோப்பாவில் பிறந்த பிரஷ்ய நீலம். அலைக்கு அடியில் மூன்று படகுகள், படகோட்டிகள் குனிந்து துடுப்பைப் பற்றியிருக்கிறார்கள், தொலைவில் குட்டியாக ஃபூஜி மலை. இத்தனை நுட்பமான படத்தைப் படமாகவே அச்சிட்டு முகப்பலகை முழுக்க ஒட்டி, மேலே தடிமனாக மெருகேற்றி விற்கிறார்கள். ஒலித்துளை வந்து படகை விழுங்கிவிடுகிறது, குதிரை வந்து மலையை மறைத்துவிடுகிறது. அந்த அலையை நேசிப்பவன் என்பதால் எனக்கு இது வலிக்கிறது. அலை வேண்டுமென்றால் ஜப்பானியத் துணிகளிலும் பீங்கானிலும் காலங்காலமாக வரும் செய்கைஹா என்ற அடுக்கலைக் கோலம் இருக்கிறது. அரைவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரக்கரையிலும் துளை வளையத்திலும் அது அழகாகப் பொருந்தும்.

சரியாகச் செய்பவர்களும் உண்டு. கிபு மாநிலத்தின் சகாஷித்தா என்ற மலையூரில் 1959-இல் தொடங்கிய தக்காமினே நிறுவனம், அங்கிருக்கும் மலையின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. பல ஆண்டுகளாக ஆண்டுக்கொரு சிறப்புப் பதிப்பு வெளியிட்டு வருகிறது. அவற்றில் ஒன்றுக்கு மாகோமே என்று பெயர். எதோவையும் (இன்றைய தோக்கியோ) கியோத்தோவையும் மலைவழியாக இணைத்த நகசெந்தோ பெருவழியில் ஒரு தங்கல் ஊர் அது. தொழிற்சாலையிலிருந்து தொலைவில் இல்லை. தங்கள் ஊர்ப் பாதையைத் தங்கள் வாத்தியத்தில் எழுதுகிறார்கள் என்பதால் அதில் ஓர் உரிமை தெரிகிறது. அமெரிக்காவின் டெய்லர் நிறுவனமும் நிஷிகிகோய் என்ற வண்ணக் கெண்டை மீன்களை இழைத்து ஒரு பதிப்புச் செய்தது. நிகாட்டாவின் பனி மலைகளில் விவசாயிகள் வளர்த்தெடுத்த மீன் அது. வெளியார் செய்த வேலை என்றாலும் மீனின் வளைவைக் கவனித்துச் செய்தார்கள்.

இனி உருஷிக்கு வருகிறேன். எனக்கு நேரம் போதாத இடம் இதுதான்.

உருஷி ஒரு மரத்தின் பால், ஜப்பானியரின் மெருகுப் பூச்சு. பத்து ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரத்தில் கோடைப் பருவம் முழுக்கக் கீறிக் கீறி எடுத்தால் கிடைப்பது சுமார் 200 கிராம். அதன் பிறகு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். தோலில் பட்டால் தடித்து அரிக்கும் பால் அது. பூசி, இறுகிவிட்டால் நீருக்கும் அமிலத்துக்கும் அசையாது. இறுகும் விதம்தான் விசேஷம். நமக்குத் தெரிந்த வண்ணங்கள் காய்ந்து இறுகும். உருஷி ஈரத்தில் இறுகும். காற்றின் ஈரத்தை வைத்துக்கொண்டு அதற்குள் இருக்கும் ஒரு நொதி வேலை செய்கிறது. ஆகவே பூசிய பொருளை ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல் இருக்கும் மர அலமாரியில் வைத்து மூடுகிறார்கள்.

கிட்டார் செய்பவர் இதைக் கேட்டால் பதறுவார். அவருடைய பட்டறையில் ஈரப்பதம் நாற்பத்தைந்து, ஐம்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பலகை உப்பும், கழுத்து வளையும். சென்னையில் மழைக்காலத்தில் கிட்டாரின் கம்பி உயர்ந்து விரல் நோகும் அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும். உருஷி கேட்கும் காற்றும் ஸ்புரூஸ் கேட்கும் காற்றும் ஒன்றுக்கொன்று பகை. இந்தப் பகையைத் தீர்க்காமல் உருஷிக் கிட்டார் செய்ய முடியாது. வஜிமா நகரத்து உருஷி வேலையில் நூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. துணி ஒட்டி, சுட்ட மண்பொடியைக் குழைத்துப் பூசி, அடித்தளத்தைக் கல்போல ஆக்குவார்கள். சோற்றுக் கிண்ணத்துக்கு அது வலிமை. கிட்டார் முகத்துக்கு அது மரணம். அதனால் கிட்டாரில் வேறு வழி: உருஷியைத் துணியால் தேய்த்து, உடனே துடைத்து, மரத்தின் ரேகை தெரியும்படி மெல்லிய படலமாக மட்டும் விடும் முறை. தடித்த வேலைகளை முதுகுக்கும் தலைப்பகுதிக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த முதுகு பல கிட்டார்களில் ஈட்டி மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. கடினமான, கருத்த அந்தப் பலகையின் மேல்தான் மாகி-எ வேலை நன்றாக எடுக்கும். ஈர உருஷியில் கோடு வரைந்து, அது இறுகும் முன், சிறு குழாயிலிருந்து பொன்தூளைத் தட்டித் தூவுவார்கள். பிறகு மேலே மறுபடி உருஷி பூசி, கரித்துண்டால் தேய்த்துத் தேய்த்து உள்ளே புதைந்த பொன்னை மேலே கொண்டுவருவதும் உண்டு.

இப்போது எண்ணிக்கையைப் பற்றி. நூறு என்று வரம்பு கட்டுவது வெறும் வியாபாரத் தந்திரம் என்பார்கள். சிப்பியை இயந்திரம் வெட்டி, படத்தை இயந்திரம் அச்சிட்டு, எண்ணை மட்டும் குறைத்தால் அது தந்திரமேதான். குழியை இயந்திரம் தோண்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது நேர்த்தியாகவே தோண்டுகிறது. ஆனால் இதழின் நரம்பைச் சிப்பியில் கீறுவதும், பொன் தூவுவதும் கையால் நடந்தால், அந்தக் கை ஓராண்டில் எத்தனை செய்யும் என்பதே வரம்பைத் தீர்மானித்துவிடும். ஷோசோயின் பிவாவுக்கு நம் காலத்தில் ஓர் அச்சு அசலான பிரதி செய்தார்கள். ஒரே ஒரு வாத்தியம், எட்டு ஆண்டுகள். அன்றைய பேரரசி மிச்சிக்கோ அரண்மனையில் வளர்த்த கொயிஷிமாரு என்ற பட்டுப்புழு இனத்தின் கூட்டிலிருந்து அதற்கு நரம்பு திரித்தார்கள்.

கைகளைப் பற்றிப் பேசும்போது வஜிமாவை விட்டுவிட முடியாது. 2024 ஜனவரி 1 அன்று வஜிமா இருக்கும் நோதோ தீபகற்பத்தை நிலநடுக்கம் தாக்கியது. வஜிமாவின் காலைச் சந்தைத் தெரு தீயில் அழிந்தது. பட்டறைகள், கருவிகள், பாதி முடிந்த கிண்ணங்கள், எல்லாம் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. அந்த ஊரின் வேலையில் ஒருவர் மரம் கடைவார், ஒருவர் அடித்தளம் பூசுவார், ஒருவர் மேல்பூச்சு, ஒருவர் பொன் வேலை. சங்கிலியில் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் மற்றவர் கை கட்டிப்போகும்.

அதனால் இந்தக் கிட்டார்களைச் செய்பவர்களிடமும் வாங்குபவர்களிடமும் நான் கேட்பது ஒன்று. ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். நிறுவனத்தின் பெயர், பதிப்பின் பெயர், நூற்றில் இது முப்பத்தேழாவது என்ற எண். பல சீட்டுகளில் சிப்பி இழைத்தவர் பெயர் இல்லை, உருஷி பூசியவர் பெயர் இல்லை. ஜப்பானியக் கைவினையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: பொருளை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் அதைச் செய்த கலைஞரே தன் பெயரை மையால் எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பார். பெட்டி இல்லாவிட்டால் பொருளின் மதிப்பே குறையும். ஜப்பானியக் கலையிலிருந்து பூவையும் நாரையையும் எடுத்துக்கொண்ட கிட்டார் நிறுவனங்கள் இந்த வழக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. உங்களில் யாராவது அப்படி ஒரு கிட்டார் வாங்கப் போனால், விலை பேசும் முன் அந்தப் பெயர்களைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.