பயப்பட வேண்டியது கரைக்குத்தான்

வணக்கம். பாய்மரப் படகில் போகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நடுக்கடலில் பயமாக இருக்காதா? என் அனுபவத்தில் வயிற்றைக் கலக்குவது கரைதான்.

ஜோஷுவா ஸ்லோகமை எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். 37 அடிகூட இல்லாத 'ஸ்ப்ரே' என்ற படகில் 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898இல் திரும்பினார். அட்லாண்டிக்கை இரண்டு முறை தாண்டிய பிறகு அவர் தரைதட்டியது எங்கே? உருகுவே கரையோரத்தில்! எதிர் நீரோட்டத்துக்குத் தப்ப நினைத்துக் கரையை ஒட்டியே வந்தார், படகு மணலில் ஏறிவிட்டது. படகை இழுத்து மீட்க, நங்கூரத்தை ஒரு சின்னத் தோணியில் ஏற்றி ஆழத்தில் கொண்டுபோய்ப் போடப் பார்த்தபோது அந்தத் தோணியும் கவிழ்ந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. தோணியையே பிடித்துக்கொண்டு தப்பினார். அதே மனிதர் பின்னாளில் கோகோஸ் தீவுகளை நோக்கி இந்தியப் பெருங்கடலில் 23 நாள் போனபோது, சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தமே மூன்று மணிதான். பாயையும் சுக்கானையும் சரியாக அமைத்துக் கட்டிவிட்டார், படகு தானே வழி பிடித்துப் போனது.

ஆழ்கடலில் அலை பெரியதாக இருந்தாலும் நீளமானது, படகு ஏறி இறங்கிவிடும். கரைப்பக்கம் கடலடித் தரை மேடேற மேடேற அதே அலை குறுகி, செங்குத்தாகி, உடைகிறது. காற்றும் கரைப்பக்கமே தள்ளினால் ஒதுங்க இடமே இல்லை.

ஓர் இரவு நான் அப்படி மாட்டினேன். துறைமுக விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று பாயைச் சுருக்காமல் விட்டேன். காற்று ஏறியது. ஆழமானியில் 12 மீட்டர், 9, அப்புறம் 7. இருட்டில் அலை உடையும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நனைந்த கயிறு விரலில் வழுக்க, பாயைப் பாதியாகச் சுருக்கி, படகைத் திருப்பி, விளக்கை முதுகுக்குப் பின்னால் விட்டு ஆழத்தை நோக்கிப் போனேன். எண் 20ஐத் தாண்டிய பிறகுதான் மூச்சு சீரானது.

சரி, தொலைதூரக் கடலில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, அங்கே உதவி வர நாளாகும். 2018 செப்டம்பரில், தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடி, எழுந்து நடக்க முடியவில்லை. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து அவரை மீட்கும்வரை சுமார் மூன்று நாள் படகுக்குள்ளேயே கிடந்தார். அதே பந்தயத்தில் 2022இல் மறுபடி கிளம்பி, அடுத்த ஆண்டு இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

இங்கே முதல் பயணத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள். படகு துறையில் கட்டிக் கிடக்கும்போதே, விளக்கை அணைத்துவிட்டு, பாயைச் சுருக்கிப் பழகுங்கள். கண் பார்க்காமலே கை முடிச்சைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை கிளம்ப வேண்டாம்.