சாமி படத்துக்குப் பின்னால்

நேயர்களுக்கு வணக்கம். எந்த ஓவியத்தை அடுத்த தலைமுறைக்கு எடுத்து வைப்பது, எதை விட்டுவிடுவது என்று பேச வானொலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பர்ஸ் இருந்தால் நம் சிங்கப்பூர் 50 வெள்ளி நோட்டு ஒன்றை எடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

நோட்டைத் திருப்பினால் நம் வீணை இருக்கும், கூடவே வயலின், சீனர்களின் பிப்பா என்ற நரம்பு வாத்தியம், மலாய்க்காரர்களின் கொம்பாங் என்ற கைமேளம். அவற்றோடு இரண்டு ஓவியங்களும் இருக்கின்றன. ஒன்று சென் வென் சீ வரைந்த இரண்டு குரங்குகள். இன்னொன்றில் சிலர் கருவாடு காயப்போடுகிறார்கள். அது சியோங் சூ பியெங் 1978இல் வரைந்தது. தினமும் கை மாறுகிற நோட்டுத்தான், ஆனால் கருவாட்டைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? இந்த ஊரில் வரையப்பட்ட அத்தனை படங்களிலிருந்தும் யாரோ உட்கார்ந்து இந்த இரண்டைப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பொறுக்குகிற வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்தது அருங்காட்சியகத்தில் அல்ல. என் அப்பா சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் படத்துக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். குறடால் ஆணி பிடுங்குவது என் வேலை. பிரேம் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுப் படம் வந்தால் பழைய படத்தைத் தூக்கி எறிய மாட்டார்கள், புதுசுக்குப் பின்னால் அட்டையாக வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். அட்டைக் காசு மிச்சம். அதனால் ஒரு பிரேமைப் பிரித்தால் முருகனுக்குப் பின்னால் சரஸ்வதி இருப்பாள், அவளுக்குப் பின்னால் ஏதாவது சோப்புக் கம்பெனி காலண்டர்.

ஒருநாள் ஓர் அம்மா கண்ணாடி உடைந்த முருகன் படத்தைக் கொண்டுவந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஆணியைப் பிடுங்கி அட்டையை எடுத்தால், உள்ளே வாட்டர்கலரில் ஒரு படம். ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்து, ஆணித் துரு நான்கு மூலையிலும் இறங்கியிருந்தது. செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக் குடியிருப்பு என்று படத்தின் பின்பக்கம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், பென்சிலால் 'நேவல் பேஸ்' என்று எழுதியிருந்தது. வரிசை வீடு, கொடியில் கைலி, முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய், குழாயடியில் ஐந்தாறு வாளி. ஆள் யாருமே இல்லை, வாளிகள் மட்டும் வரிசையில் நின்றன. ஒரு வாளியின் பிடி அறுந்து, அதற்குக் கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றை இப்போதுகூட என்னால் வரைந்து காட்ட முடியும்.

அப்பா அந்த அம்மாவிடம் காட்டினார். "எங்க வீட்டுக்காரரு கிறுக்குனது அண்ணே. அவரே போயிட்டாரு. தூக்கிப் போட்டுருங்க" என்றார். அப்பா தூக்கிப் போடவில்லை. என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், படத்தை முருகனுக்குப் பின்னாலேயே வைத்து, புதுக் கண்ணாடி போட்டு ஆணி அடித்துவிட்டார். "கேட்டா இருக்கும்ல" என்றார். அவ்வளவுதான். பிரிட்டிஷ்காரர்கள் போனார்கள், அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் வீவக, அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அந்த முருகன் இன்று எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறாரோ.

பல வருடம் கழித்து ஒரு செய்தி கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. நம் ஊரின் பெரிய ஓவியர் லியு காங். அவர் 1929 முதல் 1932 வரை பாரிஸில் இருந்து வரைந்த படங்கள் சிலவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மேலே ஒரு படம், அடியில் வேறு படம்! பழைய கேன்வாஸ் துணியின் மேலேயே திரும்ப வரைந்திருக்கிறார். பாருங்கள், அங்கேயும் அதே கதைதான், முருகனுக்குப் பின்னால் சரஸ்வதி. எது வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தவர் வரைந்தவரே.

இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்வேன். அருங்காட்சியகம் தேர்ந்தெடுப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே வரைந்தவர் பாதியைக் கழித்துவிடுகிறார், வீட்டுக்காரர்கள் மீதியில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார்கள். வீடு மாறும்போது லாரியில் ஏறாத படத்தை எந்த நிபுணர் குழுவும் தேர்ந்தெடுக்க முடியாது.

அருங்காட்சியகத்துக்காரர்கள் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் காற்றின் ஈரம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஓவியத்துக்கு 55 சதவீதம் போல இருந்தால் நல்லது, ஏறினால் பூஞ்சை பிடிக்கும். ஜூரோங்கில் அதற்கென்றே, படங்களைப் பழுதாகாமல் காக்கும் நிலையம் நடத்துகிறார்கள். ஒரு படத்தை உள்ளே எடுத்தால் இரவும் பகலும் ஏர்கான், அதுவும் இத்தனை வருடம் என்று கணக்கில்லாமல். ஆகவே எல்லாவற்றையும் எடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, எதை எடுப்பது? நேஷனல் கேலரியில், பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்த கட்டடத்தில், 'தேசிய மொழி வகுப்பு' என்று ஒரு படம் இருக்கிறது. சுவா மியா டீ 1959இல் வரைந்தது. நமக்குத் தன்னாட்சி கிடைத்த வருடம் அது. வட்ட மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு கேள்வி: உன் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய்? வண்ணம் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நான் அதன் முன் நிற்பதில்லை. அந்த வருடத்து மனிதர்கள் நாற்காலியில் எப்படி உட்கார்ந்து கூச்சத்தோடு ஒரு புது மொழியைக் கற்றார்கள் என்று வேறு எங்கே போய்ப் பார்ப்பேன்?

என் அளவுகோல் இதுதான். இந்தப் படம் போனால் அதோடு வேறு என்ன போகும்? அழகான ஆற்றங்கரைப் படம் நம்மிடம் பல உண்டு, அதில் ஒன்று போனாலும் ஆறு போகாது. கயிறு கட்டிய வாளி ஒன்றுதான் இருந்தது. கைத்திறன் இல்லாத படத்தை எதற்கு வைப்பது என்று ஒரு நண்பர் என்னோடு சண்டை போடுவார். கைத்திறன் வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் பார்த்தால் நம் ஆட்கள் வரைந்தது ஒன்றுகூடத் தேறாது. நேவல் பேஸில் வேலை முடிந்து வந்து வரைந்தவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

நமக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்குக் கோபுரம் முழுவதும் புது வண்ணம் அடிக்கிறோம், 2023இல் மாரியம்மன் கோயிலில் பார்த்திருப்பீர்கள். நமக்குப் புதுசாக்குவதுதான் காப்பாற்றுவது. கோயிலுக்கு அது சரி. தாத்தா வரைந்த படத்துக்கு... இதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம்.

வீட்டுப் படங்களை எப்படி வைப்பது என்று எழுதி வந்ததை வேகமாகப் படித்துவிடுகிறேன். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. குளியலறைச் சுவரிலும் வெயில் நேராக விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். துணியில் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். பழைய பிரேமைப் பிரித்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். படத்தின் பின்னால், யார் வரைந்தது, எந்த இடம், எந்த வருடம் என்று பென்சிலால் எழுதுங்கள், மெல்ல, அழுத்தாமல். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். வணக்கம்.