இருமினால் கசிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். முதுகுவலி, தூக்கமின்மை எல்லாம் சொல்லி, மருந்துச் சீட்டும் வாங்கிக்கொண்டு, கதவு வரை போய்த் திரும்பி வருவார்கள் சில பெண்கள். "டாக்டர், இன்னொரு சின்ன விஷயம். இருமினா கொஞ்சம் ஒண்ணுக்கு வந்துடுது. வயசானா இப்படித்தானே?"

நான் அவர்களை மறுபடி உட்காரச் சொல்வேன். வயதாவது ஒரு காரணம்தான். ஆனால் பிரசவமான சில வாரங்களில் வரும் இளம்பெண்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

நான் முதலில் கேட்பது, "எப்போது கசிகிறது?" என்றுதான். இருமும்போதோ, தும்மும்போதோ, சிரிக்கும்போதோ, பாரம் தூக்கும்போதோ கசிந்தால் ஒரு வகை. இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் துணி மாதிரி ஒரு தசைப்படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்குவது அதுதான். பிரசவத்திலும், நாள்பட்ட இருமலிலும், மலச்சிக்கலில் முக்கி முக்கியும் அது தளர்ந்துபோகும். அப்போது வயிற்றில் திடீரென அழுத்தம் கூடினால் சிறுநீர்க் குழாயை மூடி வைக்க முடியாது.

இன்னொரு வகையில், அவசரம் வந்த மறுநொடி அடக்கவே முடியாது. கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் நனைந்துவிடும். இங்கே சிறுநீர்ப்பை நிறையும் முன்பே தானாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் நிறைய.

எந்த வகையானாலும், பெரும்பாலோர் தாங்களாகவே செய்துகொள்ளும் வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். சிறுநீர் அடர்த்தியானால் பை எரிச்சல்பட்டு அவசரம் கூடும், மலச்சிக்கலும் வரும். குறைக்க வேண்டியது காபியையும் டீயையும். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதையும் கொஞ்சம் குறைத்தால் கசிவு குறையும். மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது. அந்த நோட்டு எனக்குப் பல பரிசோதனைகளைவிட உதவும். கிருமித்தொற்று, சர்க்கரை நோய் இருக்கிறதா என்று சிறுநீரையும் பார்ப்போம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள்கூட அதிக சிறுநீரை வரவழைக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சிறுநீரில் ரத்தம், காலில் திடீர் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்கவே முடியாமை: இவற்றில் எது இருந்தாலும் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அவசர வகைக்குப் பையைப் பழக்க வேண்டும். மணிக்கொரு தடவை போகிறவர் முதலில் பத்து நிமிடம் தள்ளிப் போடட்டும், அப்புறம் கால் மணி நேரம். இப்படி ஆறு வாரமாவது பழக வேண்டும். போதாவிட்டால் மாத்திரைகள் உண்டு. அவற்றில் சில வாயை வறட்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் உதவலாம். இருமல் வகைக்கு அறுவை சிகிச்சை உண்டு. அதில் வைக்கும் செயற்கை வலை சிலருக்குப் பின்னால் தொந்தரவு தந்ததால், 2018இல் இங்கிலாந்தில் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தார்கள். அதனால் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒரு பயிற்சி. 1948இல் அர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிப் பரவலானது. காற்றுப் பிரியாமல் அடக்குவீர்கள் அல்லவா, அதே தசையை உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். முழுதாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சிதான், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு தடவைக்கு எட்டிலிருந்து பத்து, நாளைக்கு மூன்று தடவை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் மாறலையே" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுதாகக் காலியாகாது. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் இறுக்குங்கள், பிறகு தும்முங்கள்.

இப்போது, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தடவை செய்து பாருங்கள். மூச்சை அடக்க வேண்டாம், தொடையையும் பிட்டத்தையும் இறுக்க வேண்டாம். சரியாகச் செய்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.