கடைமடையில் நின்று பாருங்கள்

(மன்னார்குடியில் அரசு ஊழியர்களும் விவசாயிகளும் கலந்திருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம் வரும், மலர் தூவுகிற படம். சில நாளில் கல்லணையில் இன்னொரு படம். அப்புறம் அந்தத் தண்ணீர் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு, பேராவூரணிப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் போய்ச் சேர்ந்ததா என்று கேமராவோடு யாரும் போவதில்லை. வாய்க்கால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த ஊர்க்காரர் மட்டும்தான். நிர்வாகச் சீர்திருத்தத் திட்டங்களும் இப்படித்தான் நடக்கின்றன. திறப்பு விழாவில் குறை வைப்பதில்லை, கடைமடைதான் காய்கிறது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். குறை சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தண்ணீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அலுவலகத்தில் தூர் என்றால் பழைய படிவங்கள், பழைய பதிவேடுகள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மனுவெல்லாம் இனி ஆன்லைன் என்றார்கள். நல்லது. ஆனால் பழைய பதிவேட்டை நிறுத்தலாம் என்று ஒருவரும் உத்தரவு போடவில்லை. ஆடிட்டில் கேட்டால் என்ன செய்வது என்ற பயம். எழுத்தர் கணினியில் ஏற்றினார், பிரிண்ட் எடுத்தார், கோப்பில் கோத்தார், பிறகு பதிவேட்டிலும் எழுதினார். பட்டா மாறுதலுக்கு வந்த ஓர் அம்மாள் என்னிடமே சொன்னார்: “முன்னாடி ஒரு தடவை வந்தாப் போதும் சார். இப்போ கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை, உங்களுக்கு ஒரு தடவை.” அந்த வருஷ ஆய்வுக் கூட்டத்துக்குப் போன அறிக்கையில் நூறு சதவீதம் கணினிமயம் என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

புதிய படிவம் ஒன்றைக் கொண்டுவரும் உத்தரவிலேயே, எந்தப் பழையது இன்றோடு நிற்கிறது என்றும் எழுத வேண்டும். அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1980இல் கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தார்கள். அது நடந்த விதத்தைப் பற்றி எனக்கும் சில வருத்தங்கள் உண்டு, அது வேறு கதை. பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கியதற்கு எனக்குச் சட்டென்று நினைவு வருகிற உதாரணம் அது ஒன்றுதான்.

இன்னொன்று, திருத்துவது. காவிரித் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் ஓடிப்போய், காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்த காலத்தில், 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பாடப்புத்தகம் அதோடு முடித்துவிடும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அணை நினைத்ததைவிட அதிகமாக வேலை செய்துவிட்டது. காவிரிக்குள் தண்ணீர் மிகுதியாகப் புகுந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் அணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்தார்கள், காவிரி பிரிகிற இடத்திலும் ஒரு தடுப்பைக் கட்டினார்கள். கட்டிவிட்டுப் போகாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதன் பக்கத்தில் யு.டி.ஆரை வைத்துப் பாருங்கள். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். நல்ல நோக்கம், பிரமாண்டமான வேலை. அதில் விழுந்த பெயர்ப் பிழைக்கும் பரப்புப் பிழைக்கும் இன்றும் பேரன் மனுவோடு அலைகிறான். பிழை வரத்தான் செய்யும். திருத்துவதற்கென்று ஆளும் காலமும் பணமும் முதல் நாளே ஒதுக்கியிருந்தால் தாத்தா காலத்திலேயே முடிந்திருக்கும்.

அடுத்து நாட்காட்டி. ஜூனில் தண்ணீர் வந்தால் குறுகிய கால நெல்லான குறுவையின் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். ஐப்பசி அடைமழை என்று சொல்லி வைத்ததும் நம் ஊர்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மழையில் அறுத்த நெல் எப்படி 17க்குள் நிற்கும்? மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதும், குழு வரும், மாதிரி எடுக்கும், திரும்பிப் போகும். தளர்வு உத்தரவு வருவதற்குள் சாலையோரக் குவியலில் முளை விட்டுவிடும். அறுவடையும் மழையும் சேர்ந்து வருவது நமக்குப் புதிதா? அடிக்கடி வருகிற ஒன்றை ஒவ்வொரு தடவையும் அவசர நிலையாக நடத்துகிறோம். உலர்த்தும் இயந்திரங்களைக் கூடுதலாக வைப்பது, தளர்வுக்கான வரம்பை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது, இதையெல்லாம் ஆடியிலேயே செய்யலாம். தூர்வாரும் பணமும் அப்படித்தான். ஏப்ரலில் நிதியாண்டு பிறந்து, டெண்டர் விட்டு, மண்வெட்டி இறங்கும்போது தண்ணீர் கல்லணையில் நிற்கிறது.

பேசி முடித்த பிறகு தலைஞாயிறுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, “சரி தம்பி, திட்டம் தேறிச்சா இல்லையான்னு எதை வெச்சு அளப்பீங்க?” என்று கேட்டார். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டியதிலிருந்து எடை போடும் வரை, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் எத்தனை ராத்திரி காவல் படுத்தீர்கள் என்று கேட்பேன், அது வருஷா வருஷம் குறைகிறதா என்று பார்ப்பேன் என்றேன்.

“போன குறுவைக்குப் பதினோரு ராத்திரி” என்றார். முந்தின வருஷம் எத்தனை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.