ஆய்வுகூடத்துக்கு ஓர் ஆள் வேண்டும்
(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வளாக முதல்வர் அவர்களே, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களே, சித்த மருத்துவத் துறைப் பெரியோர்களே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் அலுவல்களை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிகளே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, கதிரைகளைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்துச் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மங்கல விளக்கேற்றிய ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர்தாம்.

இளமாணிப் பட்டப்படிப்பு நடத்தும் நிறுவனங்களில் உயிர்மருத்துவ ஆய்வுத் திறனை வளர்ப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். விரிவுரையாளர்களுக்கு ஆய்வுக்கான நேரம், ஆய்வு நன்னெறிக் குழுவின் அனுமதி, கருவிகள், அக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என நான்கு விடயங்களைப் பேசலாமென்று வந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நான் மேடைதோறும் சொல்லும் பழமொழி. இன்றைக்கும் அதை விடப்போவதில்லை.

ஆய்வு என்பது கொழும்பிலும் பேராதனையிலும் நடக்க வேண்டியது, இங்கே பாடம் நடத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டை அவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கிண்ணியா எப்படித் துடித்தது என்பதை இங்கே வந்திருக்கும் பரிசோதகர்கள் நேரில் கண்டவர்கள். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்று நாமெல்லாம் படித்திருந்தோம். பேராசிரியர்கள் ரஞ்சன் இராமசாமியும் நோபிள் சுரேந்திரனும் தங்கள் குழுவினரோடு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரக் கிணறுகளிலும் வீசியெறிந்த போத்தல்களிலும் தேங்கிக் கிடந்த உவர்ப்பு நீரில் அதன் குடம்பிகளைக் கண்டெடுத்து, 2011இல் அதை வெளியிட்டார்கள். நூலில் இருந்ததை நீரில் சோதித்துப் பார்த்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த வேலையின் முதற்படிக்கு வேண்டியவை உவர்ப்பு அளக்கும் கருவி, உறிஞ்சுகுழாய், நுணுக்குக்காட்டி, வெயிலைப் பொருட்படுத்தாத இளம் கால்கள். நிலாவெளியிலிருந்து மூதூர் வரை கரையைச் சுற்றி வைத்திருக்கும் நமக்கு இவற்றில் எது இல்லை?

மலேரியாவும் அப்படித்தான். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லாததால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்கு மலேரியா ஒழிந்த நாடென்ற சான்றிதழைத் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பினமொன்று மன்னாரில் பிடிபட்டது. ஆகவே கண்காணிப்பு ஓயக்கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற கண்கள் ஊருக்கு ஊர் வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதை முன்பே உணர்ந்தன. பெருநிதி பெறாத கல்லூரிகளின் ஆசிரியர்கள் மாணவரைச் சேர்த்துக்கொண்டு ஆய்வு செய்ய 1985இல் தனி மானியம் தொடங்கின. பின்னர் 1993இல் வந்த திட்டமொன்று, ஆய்வு நிதி குறைவாகச் சென்ற மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது. இன்று அதன்கீழ் 23 மாநிலங்களிலும் புவேர்ட்டோ றிக்கோவிலும் ஒரு பெரிய பல்கலைக்கழகமும் சுற்றியுள்ள சிறு கல்லூரிகளும் வலையமைப்பாக இணைந்து பொது ஆய்வுகூடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே கருவியோடு அதை இயக்கத் தெரிந்தவருக்கும் சம்பளம் ஒதுக்குகிறார்கள் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே 80 பாகையில் மாதிரிகளைக் காக்கும் உறைபெட்டியொன்று அங்கே நன்கொடையாக வந்தது. நாடா வெட்டி, தேங்காய் உடைத்து, பெட்டிக்கு மாலையும் போட்டார்கள். மாலை போட்டவருக்கு அது எதற்கென்று தெரியாது, ஆனால் படத்தில் நன்றாக விழுந்திருந்தார். போயாவோடு சேர்ந்த ஒரு நீண்ட விடுமுறையில் மின்சாரம் போனது. மின்பிறப்பாக்கி இருந்தது, அதை இயக்குவது எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. பெட்டியின் எச்சரிக்கை மணி தன் மின்கலத்தில் அலறத் தொடங்கியது. காவலாளி கடமை தவறாதவர்: இரவு பத்து மணிக்கு, “பெட்டி சத்தம் போடுகிறது” என்று பதிவேட்டில் எழுதினார். பதினொரு மணிக்கு, “இன்னும் சத்தம் போடுகிறது.” விடியற்காலை நான்கு மணிக்கு, “சத்தம் குறைந்துவிட்டது, இப்போது பரவாயில்லை.” அதற்குள் இரண்டு தொகுதி மாணவர்கள் சேர்த்த நோய்க்கிருமி மாதிரிகள் உருகிப் போயிருந்தன. விசாரணைக் குழு அமைத்தார்கள்; பெட்டிக்குப் பொறுப்பானவர் எவருமில்லை என்று அறிக்கை தந்தது. இன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் பழைய விடைத்தாள்கள் இருக்கின்றன. நீங்கள் சிரிக்கிறீர்கள், அந்த மாணவர்கள் சிரிக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். திருகோணமலையில் ஒரு பொது ஆய்வுகூடம் அமையட்டும். அதற்கு நிரந்தர ஆளணியில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவி உருவாகட்டும். கட்டடத்தைவிட அந்தப் பதவியை முதலில் கேளுங்கள், ஏனெனில் கட்டடம் திறக்க எப்போதும் ஆள் கிடைப்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இலத்திரனியலும் கணினி விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் ஒரே வேலிக்குள் படிப்பிக்கப்படுகின்றன. உறைபெட்டியின் வெப்பநிலை ஏறினால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் உணரியை இறுதியாண்டு மாணவரே செய்துவிடுவார். அந்தச் செய்தியைப் பெற்று ஓடிவர ஒருவர் வேண்டுமே! சித்த மருந்துகளின் தரத்தை அளப்பது தனி உரைக்குரிய பொருள், இன்று தொடவில்லை. நன்னெறிக் குழுவைப் பற்றி ஒரு வாக்கியம்: அனுமதி வரும்முன் மாணவரின் இறுதியாண்டு முடிந்துவிடக் கூடாது. விரிவுரையாளரின் நேரம் பற்றிப் பேசத் தலைவர் அவர்கள் எனக்கு நேரம் தரவில்லை, மணியை அடித்துவிட்டார்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பவிருக்கும் விண்ணப்பம் வாசலருகே மேசையில் இருக்கிறது. அதில் ஒரேயொரு கோரிக்கை, அந்த ஒரு பதவி. பணிப்பாளர் அவர்கள் முதற் கையொப்பம் இடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள், தேநீர் அதற்கப்பால்தான் வைக்கப்பட்டிருக்கிறது. நன்றி, வணக்கம்.