"அந்த நூல எங்க புள்ள போட்டாய்?"

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

"தாதியின் வேலை ஊசி போடுவதா, உபதேசம் செய்வதா? ஆன்மீகத்தைக் கோயிலும் பள்ளிவாசலும் பார்க்கட்டும்" என்றார் எதிரணித் தோழர். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். இயலாமல் படுத்திருப்பவரிடம் மதம் பரப்புகிறவருக்கு ஆஸ்பத்திரி விடுதியில் இடமே கொடுக்கக்கூடாது. எங்கள் அணி பேசவந்தது வேறு: நோயாளியின் மனசுக்குத் தெம்பு தருவதையும் தாதி கவனிக்கவேண்டும் என்பது.

நான் தாதியாகப் புதிதாகச் சேர்ந்த காலம். வாவியின் மேற்கே படுவான்கரை ஆச்சி ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்கிறேன். தோடு, காப்பு கழற்றியாயிற்று. மணிக்கட்டில் கண்ணகை அம்மன் கோயிலில் கட்டிய நூல். கத்தரித்து வாளியில் போட்டேன். விதிப்படி சரி. ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "அந்த நூல எங்க புள்ள போட்டாய்?" கொஞ்ச நேரத்தில் பிரஷர் ஏறிவிட்டது. நூலால்தான் ஏறியது என்று சத்தியம் செய்யமாட்டேன், பயத்திலும் ஏறும். மூத்த மிஸ்ஸி வந்து வாளியைக் கிளறினார் (கையுறை போட்டுத்தான், நடுவர் அவர்களே!). நூலை ஒரு உறையில் போட்டு வெளியே நின்ற மகளிடம் கொடுத்துவிட்டு வந்து, "மகளிட கையில இருக்கு ஆச்சி" என்றார். அதன்பிறகுதான் ஆச்சி ட்ரொலியில் ஏறினார்.

இதற்கெல்லாம் தாதிக்கு நேரமில்லை என்பார்கள். காத்தான்குடி வாப்பா ஒருவரின் கடைசி நாட்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டியே ஆகவேண்டும். தொழுகையில் முகம் நோக்கும் திசையான கிப்லா நமக்குப் படுவான் பக்கம், அதாவது மேற்கு. எப்படியும் புரட்டுகிற உடம்பை அந்தப் பக்கம் திருப்ப எத்தனை நிமிடம் கூட வேண்டும்?

இது எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளருக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், வைத்தியராவதற்கு முன் தாதி. உடல் நோவு, மன நோவு, குடும்பக் கவலை, ஆன்மீக வேதனை நான்கையும் சேர்த்துத்தான் 'முழு வலி' என்றார். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கு எழுதிய வரைவிலக்கணத்திலும் ஆன்மீகம் இருக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்களில் பலருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியாது. நம் மாவட்டத்தில் ஒருவரிடம் மதத்தை விசாரிப்பதே சங்கடம். அதனால் நான் மதம் கேட்பதில்லை, "மனசுக்குத் தெம்பு தாறது என்ன?" என்றுதான் கேட்பேன். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் சொன்னார்: "வாவியப் பாக்கணும் பிள்ளை." கட்டிலை ஜன்னலோரம் தள்ளிவிட்டோம்.

எதிரணித் தோழரே, இதில் உபதேசம் எங்கே?